கைகுலுக்கிய பிறகு கேட்கப்படும் ஒப்புதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்களோடு வரித் துறைகள் செய்துகொள்ளும் சமரசங்களைப் பற்றி ஏடுகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகின்றன: எவ்வளவு தொகை விட்டுக்கொடுக்கப்பட்டது? கேள்வி நியாயமானதுதான். ஆனால் வெளியில் இருப்பவர்கள் அதற்கு விடை காண்பது ஏறக்குறைய இயலாத காரியம்; வரி செலுத்துவோரின் கணக்கு விவரங்களைத் துறை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு பல நாடுகளின் சட்டங்களில் இருக்கிறது. வெளியிலிருந்து கேட்கத் தக்கதும், விடை பெறத் தக்கதுமான கேள்வி வேறொன்று. அந்தச் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தவர் யார், எந்தெந்தத் தாள்களைப் பார்த்துத் தந்தார், பேச்சுவார்த்தை முடிவதற்கு முன்பு தந்தாரா பின்பு தந்தாரா என்பதே அது. வரி வழக்குக் கோப்புகளோடு நெடுங்காலம் புழங்கியவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வரித் தகராறில் சமரசம் என்றாலே ஏதோ கள்ளத்தனம் நடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். அது சரியன்று. தகராறுகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு செலவு சட்டப்படி கழிக்கத் தக்கதா என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகள்தாம். தாய் நிறுவனத்துக்கும் அதன் அயல்நாட்டுத் துணை நிறுவனத்துக்கும் இடையே கைமாறிய வணிகச் சின்னத்தின் சந்தை மதிப்பு என்ன என்ற கேள்வி அப்படிப்பட்டதன்று; நேர்மையான இரண்டு மதிப்பீட்டாளர்கள் பல மடங்கு வேறுபட்ட தொகைகளைச் சொல்லலாம், இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். இந்த இரண்டாம் வகையில் பேசி முடிப்பது இயல்பு. முதல் வகையில் 'ஆளுக்குப் பாதி' என்று முடிப்பதுதான் கேள்விக்குரியது. பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறை 2007-இல் வெளியிட்ட வழக்கு மற்றும் சமரசக் கொள்கை இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது: விடை ஒன்றே என்னும் தகராறில் பாதியாகப் பிரித்துக்கொள்ளக் கூடாது, ஒரு தகராறில் விட்டுக்கொடுத்து மற்றொன்றில் ஈடுகட்டிக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவிலோ, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் துறை தோற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்து, அதற்கேற்பத் தொகையைக் குறைத்து முடிக்க வரித் துறையின் மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு இடமுண்டு. எந்த வழியைப் பின்பற்றினாலும் ஓர் அதிகாரியின் கணிப்பு அதற்குள் இருந்தே தீரும். அந்தக் கணிப்பை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் உள் ஒப்புதல் என்ற ஏற்பாடே வந்தது.

பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு எழுதும்போது இந்த வழக்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. லண்டனின் பிளீட் தெருச் செய்தித்தாள் அச்சகங்களில் தற்காலிகப் பணியாளர்கள் பலர் கூலி வாங்கும்போது பொய்ப் பெயர்களில் கையெழுத்திட்டு வந்தார்கள். 'மிக்கி மவுஸ்' கூட அந்தப் பட்டியலில் சம்பளம் வாங்கியிருக்கிறது. இனிமேல் எல்லோரும் உண்மைப் பெயரில் பதிவு செய்து வரி கட்டினால், குறிப்பிட்ட காலத்துக்கு முந்தைய பாக்கியைத் துறை கிளறாது என்று ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. சிறு தொழில் செய்வோரின் கூட்டமைப்பு அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1981-இல், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, வரியைத் திரட்டி நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இத்தகைய நடைமுறை முடிவுகளை எடுக்கும் அதிகாரம் உண்டு என்று சொல்லிக் கூட்டமைப்பின் மனுவை ஏற்க மறுத்தது. எது நடைமுறையில் வசூலாகும், எதைத் துரத்தினால் வசூலைவிடச் செலவு கூடும் என்று எடைபோடுவது நிர்வாகத்தின் வேலை என்பதில் எனக்கும் உடன்பாடே.

அந்த அதிகாரத்தை யார், எந்த வரிசையில் பயன்படுத்துகிறார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கும் பிரிட்டிஷ் வரித் துறைக்கும் இடையே நடந்தது இதற்குத் தெளிவான சான்று. ஊழியர்களுக்குத் தந்த ஊக்கத்தொகைகள் மீதான தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு (சமூகப் பாதுகாப்புக்காக ஊதியத்தின் மீது கட்ட வேண்டிய தொகை) பற்றி 1990-களில் தொடங்கிய தகராறு அது. துறையின் மூத்த அதிகாரி ஒருவர் 2010 நவம்பரில் வங்கியோடு பேசி, அசலை வாங்கிக்கொண்டு வட்டியை விட்டுவிடும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். வட்டி விதிக்கச் சட்டத் தடை இருப்பதாக அவர் நம்பியது பிழை. துறையின் வழக்கறிஞர்களை முன்கூட்டிக் கேட்டிருந்தால் அந்தப் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். பின்னர் கோப்பு உள் குழுவுக்குப் போனபோது குழு மறுத்துவிட்டது. ஆனால் அதற்குள் கை குலுக்கியாகிவிட்டது. சொன்ன சொல்லிலிருந்து துறை பின்வாங்கினால் என்னென்ன நேரும் என்ற கவலை மேலோங்க, மறு மாதம் ஆணையர்கள் மட்டத்தில் அந்த ஏற்பாடு ஏற்கப்பட்டது. கைவிடப்பட்ட வட்டி 2 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று பேசப்பட்டது. 2013-இல் லண்டன் உயர் நீதிமன்றம், துறையின் வரலாற்றில் இது பெருமைக்குரிய அத்தியாயம் அன்று என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, இருந்தாலும் சட்டவிரோதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

இந்த நிகழ்வில் ஒப்புதல் நடைமுறை இல்லாமல் இல்லை. குழு இருந்தது, அது தன் கடமையையும் செய்தது. அதற்கு இருந்த ஒரே குறை, அது பின்னால் வந்தது. எதிர்த் தரப்புக்கு வாக்குக் கொடுத்த பிறகு கூடும் குழுவின் முன் இருக்கும் கேள்வி 'இந்தச் சமரசம் நியாயமானதா' என்பதன்று. 'நம் மூத்த அதிகாரியின் வாக்கைக் காப்பதா, கைவிடுவதா' என்பதாக அது மாறிவிடுகிறது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கடுமையாகச் சாடியதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சர் ஆண்ட்ரூ பார்க் ஐந்து பெரிய சமரசங்களை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வை உள்ளடக்கி 2012 ஜூனில் வெளிவந்த தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கை, ஐந்தின் முடிவுகளும் நியாயமான எல்லைக்குள் இருந்தன என்று சொன்னது. ஆனால் அவை எட்டப்பட்ட விதத்தில் குறைகள் இருந்தன என்றும் சொன்னது. முடிவு சரியாக இருந்தும் மக்களின் நம்பிக்கை போய்விட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அதன் பிறகே அங்கே வரி உறுதிப்பாட்டு ஆணையர் என்ற பதவி உருவாயிற்று. தனிப்பட்ட வரி செலுத்துவோர் எவருடனும் பேச்சுவார்த்தையில் ஈடுபடாதவர் அந்தப் பதவியில் இருப்பார். தொடக்கத்தில், 10 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட வரி சம்பந்தப்பட்ட தகராறுகளில் முடிவெடுத்த மூன்று ஆணையர்களில் அவரும் ஒருவர். பேசுபவர் வேறு, ஒப்புபவர் வேறு என்ற விதி எழுத்தில் வந்தது. முடிந்த சமரசங்களிலிருந்து சிலவற்றை எடுத்து மறு ஆய்வு செய்யும் வழக்கமும், ஆண்டுதோறும் எண்ணிக்கைகளோடு அறிக்கை வெளியிடும் வழக்கமும் ஏற்பட்டன. எந்த வரித் துறையும் பின்பற்றத் தக்க ஏற்பாடு இது.

ஒப்புதல் என்பது துறையின் உள்விவகாரம், வரி கட்டுபவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது. உரிய இடத்தில் ஒப்புதல் பெறாத சமரசம் அவரையும் காப்பாற்றாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1929-இல் பாட்டனி வொர்ஸ்டட் மில்ஸ் வழக்கில், வரி அலுவலகத்தின் கீழ்நிலை அதிகாரிகள் முறைசாராமல் செய்துகொண்ட ஏற்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது, சட்டம் சொல்லும் வழியில் செய்தால் மட்டுமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்தில் அல் ஃபாயத் வழக்கு இதற்கும் ஒரு படி மேலே போனது. வருங்கால ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 2,40,000 பவுண்டு என்று முன்கூட்டியே நிர்ணயித்துத் துறையே எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், துறையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று 2004-இல் மேல்முறையீட்டிலும் உறுதியாயிற்று. பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர் பிறகு ஒருநாள் அந்தக் காகிதம் செல்லாது என்று கேட்க நேர்வது சாதாரண இழப்பன்று. ஆகவே சமரசத்துக்குப் போகும் எவரும், மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா, இல்லையென்றால் யாருக்கு உண்டு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அமெரிக்கச் சட்டத்தில் படிகள் தொகையை வைத்து அமைந்திருக்கின்றன. நிலுவை 50,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், அதைக் குறைத்து ஏற்கும் சமரசத்துக்குச் சட்ட ஆலோசகரின் கருத்து கோப்பில் இருக்க வேண்டும். 20 லட்சம் டாலருக்கு மேல் வரியைத் திருப்பித் தருவதானால், பெருநிறுவனங்கள் விஷயத்தில் 50 லட்சத்துக்கு மேல், நாடாளுமன்றத்தின் கூட்டு வரிக் குழுவுக்கு அறிக்கை அனுப்பி 30 நாள் பொறுக்க வேண்டும். தொகையை மட்டும் வைத்துப் படி அமைப்பதில் ஒரு குறை உண்டு: சிறு தொகைதான், ஆனால் ஆயிரக்கணக்கானோரைப் பாதிக்கக்கூடிய சட்டக் கேள்வி என்றால் அது கீழ்ப்படியிலேயே முடிந்துவிடும். பிரிட்டனில் தொகை சிறிதாக இருந்தாலும் பின்விளைவு பெரிதாகக்கூடிய வழக்குகளை மேலே கொண்டுபோக வழி வைத்திருப்பது அதனால்தான்.

இனி ஒப்புதலின் தரத்துக்கு வருகிறேன். என் பார்வையில் இதுவே மிகவும் கவலைக்குரியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1971-இல் விசாரித்த ஒரு வழக்கில், முடிந்துபோன கணக்கை மறுபடி திறக்க நோட்டீஸ் அனுப்புவதற்கு ஆணையரின் ஒப்புதல் தேவைப்பட்டது. படிவத்தின் கடைசியில் 'இது நோட்டீஸ் அனுப்பத் தக்கது என்று ஆணையர் திருப்தி அடைகிறாரா' என்ற கேள்வி. அதற்கு நேரே ஆணையர் 'ஆம்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். வேறு ஒரு சொல் கூட இல்லை. கீழே இருந்து வந்த குறிப்பை அவர் படித்திருந்தால் அதில் காரணமே இல்லை என்பது தெரிந்திருக்கும் என்ற அடிப்படையில் நீதிமன்றம் நோட்டீஸை ரத்து செய்தது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வருமான வரிச் சோதனைக்குப் (ரெய்டு) பிந்தைய மதிப்பீட்டு ஆணைகளுக்கு மேலதிகாரி தர வேண்டிய ஒப்புதல் பற்றி 2024-இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஒரே நாளில் 43 கோப்புகளுக்கு ஒப்புதல் தரப்பட்டிருந்தது. அது மனத்தைச் செலுத்தித் தந்த ஒப்புதல் ஆகாது என்று முடிவாயிற்று. இவை வரி விதிப்பதற்கான ஒப்புதல்கள், சமரசத்துக்கானவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் கையெழுத்திடும் கை ஒன்றே, பழக்கமும் ஒன்றே. காலக்கெடு முடியும் வாரத்தில் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும் கோப்புகளில் ஒரு சமரசக் கோப்பும் கலந்திருந்தால் அதற்கு மட்டும் தனிக் கவனம் கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நல்ல சமரசக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் கேட்கப்பட்ட வரி, வட்டி, தண்டத்தொகை ஆகியவை தனித்தனியே இருக்கும். மொத்தத் தொகையை மட்டும் எழுதும் குறிப்பில்தான் வட்டி காணாமல் போகும். அடுத்து, ஒவ்வொரு பிரச்சினைக்கும் எதிர்த் தரப்பின் வாதம் அதன் முழு வலிமையோடு எழுதப்பட்டிருக்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குறிப்புகள் தடுமாறுகின்றன. சமரசம் செய்ய விரும்பும் அதிகாரி எதிர்த் தரப்பு வாதத்தை ஊதிப் பெரிதாக்குவார்; விரும்பாதவர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். சட்டப் பிரிவின் கருத்து, கேட்ட கேள்வியோடு சேர்த்து இணைக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கேள்வியை வளைத்துக் கேட்டுத் தேவையான கருத்தை வாங்கும் கலை எல்லா அலுவலகங்களிலும் உண்டு. ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதியிட்ட நடவடிக்கைக் குறிப்பு, துறையே எழுதியது, இருக்க வேண்டும். ஒப்புபவர் தம் காரணத்தைத் தம் சொற்களில், இரண்டு பத்தியாவது எழுத வேண்டும். மறுத்தாலும் எழுத வேண்டும்.

மறுப்பு என்ற சொல்லை எடுத்ததும் நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வந்துவிட்டேன். சமரசம் செய்ய வேண்டுமென்றால் பல அடுக்கு ஒப்புதல், காரணம், கணக்கு எல்லாம் கேட்கும் துறைகள், சமரசத்தை மறுத்து வழக்கை இழுத்துச் செல்ல ஏறக்குறைய ஒன்றுமே கேட்பதில்லை. சமரசக் கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரி பிற்காலத்தில் தணிக்கை ஆட்சேபத்துக்கும் விஜிலன்ஸ் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். மூன்று நீதிமன்றங்களில் தோற்ற வழக்கை நான்காவது இடத்துக்குக் கொண்டுபோன அதிகாரியை யாரும் அழைத்து விசாரிப்பதில்லை; அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருப்பார். இப்படி ஒரு தராசை வைத்துக்கொண்டு அதிகாரிகள் ஏன் துணிந்து முடிவெடுப்பதில்லை என்று கேட்பதில் பொருள் இல்லை. இந்தியாவின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, நேரடி வரி வழக்குகளில் மேல்முறையீட்டு நிலைகள் மூன்றிலும் துறையின் வெற்றி 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்று குறிப்பிட்டது. பத்தில் ஏழு வழக்கில் தோற்கும் எந்தத் தனியார் வழக்காடியும் தன் வழக்கறிஞரை மாற்றுவார், அல்லது வழக்குப் போடும் பழக்கத்தையாவது மாற்றுவார்.

இந்திய அனுபவம் இதில் இன்னொரு பாடத்தையும் தருகிறது. நீதிபதி வாஞ்சூ குழு 1971-இல் தந்த பரிந்துரையைத் தொடர்ந்து 1976-இல் அமைந்த வருமான வரித் தீர்வு ஆணையம், 2021 பிப்ரவரி 1 முதல் செயல்படாமல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்த தகராறு தீர்வுக் குழுவுக்குள் நுழைய, கணக்கில் காட்டிய வருமானம் 50 லட்சம் ரூபாயையும், அதில் துறை செய்து தகராறுக்குள்ளான மாற்றம் 10 லட்சம் ரூபாயையும் தாண்டக் கூடாது. அதற்கு மேலே உள்ளவர்களும் பயன்படுத்தத் தக்கவையாக 2020-இலும் 2024-இலும் 'விவாத் சே விஸ்வாஸ்' திட்டங்கள் வந்தன: பொதுவாகச் சொன்னால், தகராறில் உள்ள வரியைக் கட்டினால் வட்டியும் தண்டமும் தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கான தொகை வரம்பும் 2024 செப்டம்பரில் தீர்ப்பாயத்துக்கு 60 லட்சம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. நிலுவையைக் குறைக்க இவை உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்கு ஒரு பொதுத் தன்மை இருக்கிறது: எதிலும் ஓர் அதிகாரி ஒரு குறிப்பிட்ட வழக்கைப் படித்து, 'இதில் நம் பக்கம் பலவீனம், இந்தத் தொகைக்கு முடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியதில்லை. சூத்திரம் முடிவு செய்கிறது. வலுவான வழக்குக்கும் வலுவற்ற வழக்குக்கும் ஒரே சலுகை. தனித்தனியே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை ஏற்க அஞ்சும் நிர்வாகம் மொத்தமாக மன்னிப்பு வழங்குவதில் தாராளமாக இருக்கிறது என்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

ஒப்புதல் விதி வரி செலுத்துவோரைக் காக்கவும் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும். தண்டத்தொகை விதிப்பேன் என்று மிரட்டிச் சமரசத்துக்கு இழுப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம், பெரும்பாலான தண்டங்களுக்கு அதை விதிக்க முனையும் அதிகாரியின் நேரடி மேலதிகாரி எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும் என்றது. அந்த ஒப்புதல் எப்போது பெறப்பட வேண்டும் என்பதைப் பற்றி நீதிமன்றங்கள் பின்னர் ஆண்டுக்கணக்கில் விவாதித்தன. பேரம் முடிந்த பிறகு பெற்றால் விதியின் நோக்கமே கெட்டுவிடும் என்பதை 2017-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. இங்கும் காலவரிசைதான் விஷயம்.

அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் அடுக்கிலும் கோப்பு காத்துக் கிடக்கும் நாள்களுக்கு வட்டி ஏறுகிறது; அதைக் கட்டுபவர் வரி செலுத்துபவர். ஐந்து பேர் கையெழுத்திட்ட கோப்பில் ஒவ்வொருவரும் மற்ற நால்வர் படித்திருப்பார்கள் என்று நினைப்பதும் உண்டு. பேச்சுவார்த்தையில் பங்கேற்காத ஒருவர், போதிய நேரத்தோடு, எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார் என்பதைக் குறிப்பிட்டுப் படித்தால் பெரும்பாலான வழக்குகளுக்கு அதுவே போதும். மிகப் பெரியவற்றுக்கு ஆஸ்திரேலியா செய்வதுபோல, முடிந்த சமரசங்களை ஓய்வுபெற்ற கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிகளிடம் கொடுத்து அவை நியாயமானவையா என்று கருத்துக் கேட்டுப் பொதுவான முடிவை வெளியிடலாம். வரி செலுத்துபவரின் இரகசியமும் கெடாது, அதிகாரிக்கும் பிற்காலத்துக்கு ஒரு பாதுகாப்பு.

தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெரிய வரிச் சமரசம் பற்றிய செய்தி கிடைக்கும்போது, தொகையைக் கேட்ட கையோடு, ஒப்புதல் தந்தவர் பேச்சுவார்த்தைக் கூட்டம் எதிலாவது கலந்துகொண்டாரா, சட்டப் பிரிவின் கருத்து எந்தத் தேதியில் பெறப்பட்டது என்பவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லக் கணக்கு விவரம் எதையும் வெளியிடத் தேவையில்லை. சமரசக் கோரிக்கைகளில் ஓராண்டில் எத்தனை மறுக்கப்பட்டன, மறுக்கப்பட்டவற்றில் எத்தனை வழக்குகளில் துறை பின்னர் தோற்றது என்ற இரண்டு எண்களையும் துறையின் ஆண்டறிக்கையில் சேர்க்கக் கோரித் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரி ஆலோசகர்